நாற்பத்தேழாவது மொழி

ஜெபசிங் நாற்பது வீடுகளுக்குப் போன் போட்டான். முப்பத்து மூன்று வீடுகளில் புகார்க் கடிதம் எழுதியவர் பேச வரவில்லை. மகள் பேசினாள், மருமகன் பேசினான், ஒரு வீட்டில் மாடியில் குடியிருப்பவர்கூடப் பேசினார். எழுதியவர் மட்டும் வரவில்லை.

"தவறிட்டாங்களா?" என்று கேட்டாள் செண்பகம்.

"இல்லக்கா, எல்லாரும் உசுரோடதான் இருக்காங்க. சாப்பாடு ஊட்டி விடுதாங்களாம். சொந்தப் பேரைக் கேட்டாச் சொல்லத் தெரியலயாம்."

ஜெபசிங் எதையும் பெரிதுபடுத்துகிற ஆள் இல்லை. முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வீட்டுக்குள் பாம்பு வந்தால்கூட "ஒரு சின்ன விஷயம்" என்றுதான் ஆரம்பிப்பான்.

பாளையங்கோட்டையில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தது அவர்கள் அலுவலகம். மொத்தமே மூன்று பேர். அவர்கள் செய்து பராமரிக்கும் பொருளை நாட்டில் தினமும் கோடிப் பேர் தொட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் அதன் பேர் தெரியாது. இனங்காட்டி என்பது அதன் பேர். அது ஒரு மென்பொருள் நூலகம். பெரிய கம்பெனிகள் தங்கள் மென்பொருளுக்குள் அதை எடுத்துச் செருகிக்கொள்ளும். எழுதிய எதையும் அதனிடம் கொடுத்தால் இது தமிழ், இது மராத்தி, இது இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ் என்று உடனே சொல்லிவிடும். ஒரு புகார்க் கடிதம் யார் மேசைக்குப் போக வேண்டும் என்று முதலில் முடிவு செய்வது அதுதான்.

இனங்காட்டிக்கு அர்த்தம் தெரியாது. எந்த எழுத்துக்குப் பின்னால் எந்த எழுத்து, எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல், எத்தனை தடவை என்று எண்ணிப் பார்க்கும், அவ்வளவுதான். அதை இருபது வருடம் முன்னால் எழுதியவர் குற்றாலலிங்கம் அண்ணாச்சி. இப்போது அறுபத்தெட்டு வயது. மூன்று வருடம் முன்பு அவர் அதற்குப் புதிதாக ஒரு புத்தி சொல்லிக் கொடுத்தார். எந்த மொழியிலும் சேராத எழுத்தைத் தூக்கி எறியாதே, ஓரமாக வை. ஓரமாக வைத்தவற்றில் சில ஒன்றுபோல் இருந்தால், அது நமக்குத் தெரியாத ஒரு மொழி. அதற்கு ஒரு எண் கொடு. அப்படித்தான் தமிழ் எழுத்தில் எழுதிய சௌராஷ்டிரத்தை அது தானாகவே பிரித்து எடுத்தது. படுக மொழியையும் பிரித்தது. புது எண் விழுந்தால், எழுதியவர்களைக் கூப்பிட்டு, வீட்டில் என்ன பாஷை பேசுவீர்கள் என்று கேட்டு, அந்த எண்ணுக்குப் பேர் வைப்பது இவர்கள் வழக்கம்.

நாற்பத்தேழு என்ற எண் போன மாதம் விழுந்தது. ஜெபசிங் வழக்கம்போலப் பேர் வைக்கத்தான் போன் போட்டான்.

"நாப்பத்தேழுல வந்த கடிதாசி எல்லாத்தையும் வாசிச்சுப் பாத்தேன், அண்ணாச்சி. எல்லாம் தமிழு. சிலிண்டர் வரல, கரண்டு பில்லு கூடுதலா வந்திருக்கு, இந்தக் கதைதான். என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். "எப்ப எழுதினது?"

"ரெண்டு, ரெண்டரை வருஷம் இருக்கும். அப்ப எல்லாரும் நல்லாத்தான் இருந்திருக்காங்க. ஒருத்தரு ஹெட்மாஸ்டரா வேலையில இருந்திருக்காரு."

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை மனசுக்கு வரலைன்னா நாம நிக்க மாட்டோம்லா. பக்கத்து வார்த்தையைப் பிடிச்சுச் சுத்திப் போயிருவோம். எழுதுதவனுக்கும் தெரியாது, வாசிக்கவனுக்கும் தெரியாது. இது எண்ணிருக்கு. எண்ணிப் பாத்து, இது தமிழ் இல்ல, வேற யாரோ பேசுத பாஷைன்னு முடிவு கட்டிருச்சு."

"மூளைக்குத் தெரியதுக்கு முன்னாடி கைக்குத் தெரிஞ்சிருதுன்னு சொல்லுதிய," என்றாள் செண்பகம்.

"நான் சொல்லலம்மா. அது சொல்லுது."

அதோடு விட்டிருந்தால் செண்பகம் உச்சுக்கொட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் ஜெபசிங் இன்னொரு தாளை எடுத்தான். "ஒரு சின்ன விஷயம், அண்ணாச்சி. நம்ம பத்துவரியையும் ஓட்டிப் பாத்தேன்."

அந்த அலுவலகத்தில் பத்துவரி என்று ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொருவரும் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குள் வீட்டுக் கதையோ ஊர்க் கதையோ பத்து வரி எழுதி அனுப்ப வேண்டும். இனங்காட்டியைச் சோதிக்க அண்ணாச்சி ஏற்படுத்தியது. எண்ணி முடித்ததும் எழுத்து அழிந்துவிடும், எண்ணிக்கை மட்டும் நிற்கும். யாருடையது எது என்று தெரிந்தால் ஒருவரை ஒருவர் கேலி செய்வார்கள் என்று பேருக்குப் பதில் எண் போட்டிருந்தார். யாருக்கு எந்த எண் என்ற பட்டியலைத் தானும் பார்க்காமல் உறையில் ஒட்டி டிராயரில் வைத்திருந்தார்.

"ஏழாம் நம்பர் தமிழ். இருபத்திரெண்டும் தமிழ். பதினாறு மட்டும் ஆறு மாசமா நாப்பத்தேழுன்னு வருது."

மூன்று பேர், மூன்று எண்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கீழே யாருக்கோ பல்லைக் குடையும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

செண்பகம் வீட்டுக்கு வந்தபோது அவள் கணவர் சொரிமுத்து கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் பஸ் டிரைவர். எட்டு மாதம் முன்பு மாடிப்படியில் சறுக்கிக் கால் முறிந்து வீட்டோடு கிடந்தார். இப்போது எலும்பு கூடிவிட்டது, டாக்டரும் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார், வருகிற திங்கட்கிழமை மறுபடி டூட்டி. அவருடைய தடம் மாஞ்சோலை. மணிமுத்தாறு தாண்டியதும் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் என்று வளைந்து வளைந்து ஏறும் ரோடு. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. அந்தத் தடத்தில் ஓட்டுவதை மனிதர் ஏதோ மந்திரி பதவி மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார்.

"காக்கிச் சட்டையை வாங்கிட்டு வந்தியா?"

"எந்தச் சட்டை?"

"தேய்க்கக் குடுத்ததுளா. வரும்போது வாங்கிட்டு வான்னு நேத்தே சொன்னேம்லா."

செண்பகம் வாசலிலேயே நின்றாள். நேற்று என்ன பேசினோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ரசம், மதுரை விடுதியில் இருக்கும் மகளுக்கு வந்த காய்ச்சல், பக்கத்து வீட்டு நாய். சட்டையைப் பற்றி ஒரு சொல்கூட ஞாபகம் இல்லை. முந்தின நாளாக இருந்தால் "நீங்க சொல்லவே இல்ல" என்று சண்டைக்குப் போயிருப்பாள்.

"மறந்துட்டேன். நாளைக்கு வாங்கிருதேன்," என்றாள்.

அடுப்பில் தோசைக்கல் காய்ந்தது. கூடத்தில் சொரிமுத்து போனில் தட்டிக்கொண்டிருந்தார். கேஸ் பதிவு, கரண்டு பில், அவள் ஆபீசுக்கு அனுப்ப வேண்டிய எழுத்து, மகளுக்கு விசாரிப்பு என்று உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை எல்லாவற்றையும் கால் உடைந்த நாளிலிருந்து அவரே எடுத்துக்கொண்டிருந்தார். மனுஷனுக்கும் பொழுது போக வேண்டுமே. "எல்லாம் அனுப்பியாச்சு," என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உற்சாகமாகத் திரும்பினார்.

"ஏளா, உன்கிட்டச் சொல்லணும்னே இருந்தேன். மாஞ்சோலை ரோட்டுல ஒருநாள் யானை குறுக்க நின்னுட்டு. வண்டி நிறைய ஆளு. ஒருத்தன் மூச்சு விடல. அது நேரா வந்து சைடு கண்ணாடியில மூஞ்சியைப் பாத்துச்சு பாரு..."

"வெக்கப்பட்டுக் காட்டுக்குள்ள போயிருச்சு," என்று முடித்தாள் செண்பகம். "இதைத்தான் முந்தாநாளும் சொன்னிய."

"முந்தாநாளா? எனக்கே இன்னைக்குத்தான் நினைப்பு வந்துச்சு. உனக்கு வரவர என்னமோ ஆகிப்போச்சுளா. வீட்டுச் சாவியை அரிசிப் பானைக்குள்ள போட்டவதானே நீ." அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

சாவியை அரிசிக்குள் போட்டதும் அவளுக்கு ஞாபகம் இல்லை. போன வாரம் அதைக் கேட்டுக் கூடச் சேர்ந்து சிரித்திருந்தாள். இப்போது தோசை கருகுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பதினாறு நான்தான் என்று அவளுக்கு அப்போது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த மூன்று நாளும் நரகம். பஸ்ஸில் உட்கார்ந்து பதினேழாம் வாய்பாடு சொல்லிப் பார்த்தாள். இருபத்தேழு நட்சத்திரத்தையும் வரிசையாகச் சொன்னாள், இருபத்தாறுதான் வந்தது. பத்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் பேர் வரவில்லை; முகம் வந்தது, ரிப்பன் நிறம் வந்தது, பேர் வரவில்லை. யாருக்கும் வருகிற மறதிதான் இது என்று புத்தி சொன்னது. உடம்பு கேட்கவில்லை. மகள் கல்லூரி இரண்டாம் வருடம். இன்னும் இரண்டு வருடத்தில் அவள் கல்யாணப் பத்திரிகையை நீட்டினால், இது யார் பேரு என்று தான் கேட்கக்கூடும் என்று நினைத்ததும் செண்பகம் வாய்பாட்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். இனங்காட்டியை வாங்கிப் பயன்படுத்தும் ஒரு ஆள்சேர்ப்புக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. நாற்பத்தேழாம் எண்ணை அவர்களும் மோப்பம் பிடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை வெளியாகும் புதுப் பதிப்பில் அந்த எண் கட்டாயம் இருக்க வேண்டும், வேலைக்கு வருகிற மனுக்களை எல்லாம் அதில் போட்டுப் பார்க்கப் போகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

"நாம அழிச்சுட்டா?" என்றாள் செண்பகம்.

"அழிச்சா அழிச்சதுதான். ஓரமா வச்ச குவியலையும் சேத்து அழிக்கணும். திரும்ப உண்டாக்கணும்னா இன்னும் மூணு வருஷக் கடிதாசி வேணும்." அண்ணாச்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நான் பெத்த பிள்ளை. அதனால நான் வாய் திறக்க மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் சரின்னாத்தான் வெளிய போகும், இல்லன்னா அழிச்சிருவோம்."

ஜெபசிங் குனிந்தபடியே பேசினான். "எங்க அப்பா ரெண்டு வருஷம் சைக்கிளை எங்க விட்டோம்னு தெரியாம தெருத் தெருவா அலைஞ்சாரு. குடிச்சிட்டு வாராருன்னு நினைச்சு நான் ஏசுனேன். ஒருநாள் கையை ஓங்கிட்டேன் அக்கா. முன்னாடியே தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பேனா? இது இருக்கணும். கம்பெனிக்காரனுக்கு வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் குடுப்போம்."

"ஆஸ்பத்திரிக்குக் குடுத்தது கம்பெனிக்கு வராதாக்கும்? நீ போன் போட்டதுல ஆறுல ஒருத்தருக்கு ஒண்ணும் ஆகலைல்லா தம்பி. அந்த ஒருத்தன் வேலை கிடைக்காமத் தெருவுல நிப்பான். மருந்து இல்லாத சீக்குக்குச் சீட்டு மட்டும் எழுதிக் குடுத்து என்ன செய்ய? பத்து வரி எழுதுதவன் எல்லாம் பயந்து பயந்து எழுதணுமா?"

எல்லாம் நியாயமான பேச்சு. ஆனால் செண்பகம் பேசியது பயத்தில். பதினாறு அவளாக இருந்தால், அதைச் சொல்லத் தெரிந்த எதுவும் இந்த உலகத்தில் இருக்கக் கூடாது. அந்தப் பயத்துக்கு நியாயம் என்று பேர் வைத்து, குரல் நடுங்காமல் அரைமணி நேரம் பேசினாள். கடைசியில் ஜெபசிங் எழுந்து ஜன்னலோரமாகப் போய் நின்றுகொண்டான்.

நான்கு மணிக்கு அழித்தார்கள். அண்ணாச்சியே உட்கார்ந்து அழித்தார். எண் போனது, குவியல் போனது, பதினாறாம் எண்ணின் ஆறு மாத எண்ணிக்கையும் போனது. பிறகு டிராயரைத் திறந்து அந்த உறையை எடுத்துச் செண்பகத்திடம் நீட்டினார்.

"போற வழியில கிழிச்சுப் போட்டுரும்மா. எனக்குத் தெரிய வேண்டாம்."

உறையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தன்னைத்தான் பதினாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று செண்பகத்துக்கு அப்போதுதான் புரிந்தது. ஜன்னல் பக்கம் நின்றவன் முதுகைப் பார்த்தால் அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான் போல இருந்தது. அப்பாவுக்கு வந்தது பிள்ளைக்கும் வரலாம் அல்லவா.

வண்ணார்பேட்டை வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. தேய்த்து வாங்கிய காக்கிச் சட்டை மடியில் இருந்தது. மூன்று நாளாக மறந்ததை அன்றைக்கு மறக்காமல் வாங்கியிருந்தாள். உறையைக் கிழிக்கத்தான் கையில் எடுத்தாள். ஆனால் ஓரத்தில்தான் கிழித்தாள்.

உள்ளே மூன்றே மூன்று வரி. ஏழு, குற்றாலலிங்கம். இருபத்திரண்டு, ஜெபசிங். பதினாறு, செண்பகம்.

அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே தாமிரபரணிப் பாலம் போனது. எனக்கு நாற்பத்து நான்கு வயது, இது தாமிரபரணி, இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இதையெல்லாம் எத்தனை நாளைக்குச் சொல்ல முடியும் என்று தெரியவில்லை.

அப்போது மடியில் இருந்த போன் லேசாக அதிர்ந்தது. அலுவலகத்திலிருந்து தினமும் வருகிற தானியங்கிச் செய்தி. இத்தனை நாளில் அவள் அதை ஏறெடுத்துப் பார்த்ததே இல்லை.

"செண்பகம், உங்கள் இன்றைய பத்துவரி வந்து சேர்ந்தது. நன்றி."

அவள் இன்றைக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

நேற்றும் எழுதவில்லை. எட்டு மாதமாக எழுதவில்லை. ஏழு மணிக்கு அடுப்பில் நிற்கிறவள் பத்து வரிக்கு எங்கே போவாள்? நீங்களே எதையாவது எழுதி அனுப்பிவிடுங்கள் என்று ஒருநாள் சொன்னாள், அவரும் ஆசையாக எழுத ஆரம்பித்தார். அலுவலகத்தில் கேட்டால் நான்தான் எழுதுகிறேன் என்பாள். எட்டு மாதம் சொன்ன சின்னப் பொய், அவளுக்கே உண்மையாகிப் போயிருந்தது.

நான் இல்லை. முதலில் வந்தது அந்த நினைப்புத்தான். நான் இல்லை, நான் இல்லை என்று உடம்பு முழுக்கச் சந்தோஷம் ஓடியது. இரண்டு நிமிஷம் இருக்கும். பிறகு தன்னை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

சட்டையைப் பற்றி நேற்றே சொன்னேன் என்றார். சொல்லவே இல்லை. யானைக் கதையை இன்றைக்குத்தான் சொல்கிறேன் என்றார். சொல்லியிருந்தார். சாவியை அரிசிப் பானைக்குள் போட்டது அவள் இல்லை. அவளுடைய மறதி என்று அவள் பயந்து நடுங்கியது ஒவ்வொன்றும் அவர் வாயிலிருந்து வந்தது. ஒரு தடவைகூட அவரைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

ஆறில் ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவரும் அப்படி இருக்கலாம் என்று மனசைச் சமாதானம் செய்து பார்த்தாள். சரிபார்க்கவாவது இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்றால், ஓட்டிப் பார்க்கிற பொருளை மத்தியானம் அவள்தான் வாதாடி அழிக்க வைத்தாள். திங்கட்கிழமை காலையில் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு அவர் அந்த வளைவுகளில் ஏறப்போகிறார். டெப்போவில் போய் என்னவென்று சொல்வது? கையில் டாக்டர் சீட்டு இருக்கிறது, இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கீறல் இல்லை. இவள் சொல்லைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

கதவைத் திறந்தபோது சொரிமுத்து ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க போனைக் கொஞ்சம் குடுங்க," என்றாள். "இன்னைக்கு அனுப்புன பத்து வரியைப் பாக்கணும்."

"அதுல என்ன கிடக்கு? வழக்கம்போல நீ எழுதுத மாதிரிதான் எழுதிருக்கேன்."

வாங்கி வாசித்தாள். "இன்று காலை மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. என் வீட்டுக்காரர் திங்கள்கிழமை வேலைக்குப் போகிறார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்குத்தான் மறதி அதிகமாகிவிட்டது, பாவம் அவர் பொறுத்துக்கொள்கிறார்." இப்படிப் பத்து வரி. நான்கு தடவை வாசித்தாள். சொல் சொல்லாகத் தடவிப் பார்த்தாள். நல்ல தமிழ். எங்கேயும் ஒரு குறை கண்ணில் படவில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"திங்கக்கிழமை வண்டி எடுக்க வேண்டாம்."

"ஏன்? கால் நல்லாத்தான இருக்கு."

"காலுக்காக இல்ல. ஒரு விஷயம் சொல்லணும். கொஞ்சம் நிதானமாக் கேளுங்க."

அவள் முகத்தைப் பார்த்து அவர் பாலீஷ் துணியைக் கீழே வைத்தார். என்ன புரிந்ததோ, அவள் தலையில் கையை வைத்துத் தடவிக் கொடுத்தார். பயந்த குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

"சொல்லலாம், சொல்லலாம். மொதல்ல நீ இதைக் கேளு, சிரிச்சிருவ. உன்கிட்டச் சொல்லணும்னே இருந்தேன். மாஞ்சோலை ரோட்டுல ஒருநாள் யானை குறுக்க நின்னுட்டு..."

அவர் கண்கள் மின்னின. முதல் தடவை சொல்கிறவரின் உற்சாகம் குரலில் அப்படியே இருந்தது. செண்பகம் மடியிலிருந்த காக்கிச் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.